முற்றுப்பெறாத வாக்கியங்களும் அவற்றைத் திருத்தும் முறையும்

நம் நாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்படும் விண்ணப்பங்களிலும் காரியாலயக் கடிதங்களிலும், கையொப்பத்துக்குச் சற்று மேலே 'தாங்கிங் யூ' என்னும் இரண்டு சொற்கள் தனியே நிற்பதைக் காணாதவர் இரார். நன்றி தெரிவிக்கும் மரியாதை என்ற அளவில் அது நல்ல வழக்கமே. ஆயினும் இலக்கணத்தின்படி அது வாக்கியம் ஆகாது. தமிழில் 'தங்களுக்கு நன்றி கூறி' என்று எழுதி, அத்துடன் பேனாவை வைத்துவிடுவதற்கு ஒப்பானது. இந்தப் பிரயோகம் வழங்கத் தொடங்கிய காலத்தில் அதற்கு இக்குறை இருக்கவில்லை. பழைய ஆங்கிலக் கடிதங்களில், நன்றி கூறும் அந்தச் சொற்களைத் தொடர்ந்து 'ஐ ரிமெயின்' என்ற எழுவாயும் வினையும் வந்து, 'தங்கள் விசுவாசமுள்ள ஊழியனாக இருந்துவருகிறேன்' என்னும் பொருள்பட, கையொப்பத்தோடு சேர்ந்து முழு வாக்கியமாக முடிந்தன. காலப்போக்கில் முடிக்கும் சொற்கள் உதிர்ந்துபோயின. முடிக்கப்படவேண்டிய பகுதி மட்டும் சம்பிரதாயமாக நிலைத்துவிட்டது.

கடிதத்தின் இறுதியில் நிற்கும் அந்தக் குறையால் யாருக்கும் தீங்கு இல்லை. ஆனால் ஒரு கோரிக்கையின் நடுவிலோ, ஓர் ஒப்பந்தத்தின் ஷரத்திலோ, ஒரு சட்டத்தின் பிரிவிலோ அத்தகைய குறை நேருமாயின், எழுதியவர் முடிக்காமல் விட்ட சிந்தனையைப் படிப்பவர் தம் ஊகத்தால் முடித்துக்கொள்ள நேரிடும். அவர் முடிக்கும் விதம் எழுதியவரின் கருத்தோடு ஒத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏதும் இல்லை. ஆகையால் வாக்கியத்தைத் திருத்துவது அலங்காரத்துக்காகச் செய்யும் வேலை அன்று. படிப்பவர் மீது சுமத்திய பாரத்தை எழுதியவர் திரும்ப ஏற்றுக்கொள்வதே அதன் சாரம்.

ஒரு வாக்கியம் முற்றுப்பெற்றது என்று கொள்வதற்கு ஆங்கிலம் எதிர்பார்க்கும் அம்சங்கள் இரண்டு. எழுவாய் வெளிப்படையாக நிற்கவேண்டும். காலம் காட்டும் முற்றுவினை அதனோடு சேரவேண்டும். தமிழுக்கு இவ்வளவு நிர்ப்பந்தம் கிடையாது. 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் விகுதியே எழுவாயைத் தெரிவித்துவிடுகிறது. 'அவர் ஆசிரியர்' என்பதில் வினைச்சொல் இல்லாவிடினும் கருத்து நிறைவுற்றிருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லோ 'நான்', 'நாங்கள்', 'அவர்கள்' என்ற பேதத்தைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. எழுவாயை விட்டுவிட்டால் செய்தவர் யார் என்பதே மறைந்துபோகும். பெயரைப் பெயரோடு இணைப்பதற்கும் 'இஸ்' போன்ற ஒரு வினை அங்கே இன்றியமையாதது. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இவ்விரண்டு இடங்களிலும் வழுவுவதற்குக் காரணம் அறிவுக்குறைவு அன்று. தாய்மொழி தரும் சௌகரியத்தை அயல்மொழியிடமும் எதிர்பார்ப்பதே காரணம்.

குறைபட்ட தொடர்களில் மிகுதியாகக் காணப்படுவது, சார்பு வாக்கியம் தனித்து நிற்பது. 'நான் நேற்று அலுவலகத்துக்கு வரவில்லை. ஏனெனில் ரயில் தாமதமாயிற்று' என்று தமிழில் இரண்டு வாக்கியங்களாக எழுதினால் எவரும் குறை கூறமாட்டார். ஆங்கிலத்தில் 'பிகாஸ்' என்று தொடங்கும் பகுதி தனித்து நிற்கும் சுதந்திரம் அற்றது. 'ஆல்தோ', 'விச்' முதலிய சொற்களால் தொடங்குவனவும் அத்தகையனவே. முற்றுப்புள்ளியை நீக்கி அதை முதல் வாக்கியத்தோடு சேர்ப்பது ஒரு வழி. இணைப்புச் சொல்லை எடுத்துவிட்டு, எஞ்சியதைத் தனி வாக்கியமாக நிற்கவிடுவது மற்றொரு வழி. இன்னொரு வகைக் குறையும் உண்டு. 'சென்ற மாதம் எங்கள் தெருவாசிகள் அனைவரும் கையொப்பமிட்டு நகரசபைக்கு அளித்த, குடிநீர்க் குழாய் பற்றிய அந்த மனு' என்று எழுவாயை அடைமொழிகளால் நீட்டிக்கொண்டே போய், அந்த மனு என்ன ஆயிற்று என்று சொல்லாமலே முற்றுப்புள்ளி வைத்துவிடுவது அது. வாக்கியம் நீண்டிருப்பதாலேயே நிறைவுற்றதாகத் தோன்றும் மயக்கம் இங்கே அபாயகரமானது. வினையைத் தேடிப் பார்த்தால்தான் குறை வெளிப்படும்.

ஆங்கில ஆசிரியர்கள் ஓயாது கண்டிக்கும் மற்றொரு பிழையைத் தமிழ் இலக்கணம் அறிந்தவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 'கதவைத் திறந்து, மழை பெய்தது' என்று நாம் எழுதுவதில்லை; 'திறந்து' என்ற வினையெச்சத்துக்கு உரிய கர்த்தாவே 'பெய்தது' என்ற முற்றுக்கும் கர்த்தாவாக வேண்டும் என்பதை நம் செவியே உணர்த்துகிறது. ஆங்கிலத்தில் 'இங்' என்று முடியும் வினைவடிவத்தைக் கொண்டு வாக்கியத்தைத் தொடங்கும்போதும் விதி பெரும்பாலும் இதுவே. ஆயினும் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட, தெருவில் நடந்தவர் ஒருவராகவும், வாக்கியத்தின் எழுவாய் ஒரு கோபுரமாகவும் அமையும்படி எழுதி, கோபுரத்தையே நடக்கவைத்துவிடுகிறார்கள். நடந்தவரை முதன்மை வாக்கியத்தின் எழுவாயாக்கினால் பிழை நீங்கும். அல்லது முற்பகுதிக்குத் தனி எழுவாய் கொடுத்து, 'நாங்கள் தெருவில் நடந்தபோது' என்று மாற்றினாலும் நீங்கும்.

சொற்களின் ஸ்தானம் ஆங்கிலத்தில் இவ்வளவு முக்கியத்துவம் பெற்றதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மொழியின் பெயர்ச்சொற்களும் வேற்றுமைகளுக்கேற்ப வடிவம் மாறின. அவ்வடிவங்கள் பெரும்பாலும் தேய்ந்து மறைந்தபின், எது எழுவாய், எது செயப்படுபொருள், எந்த அடைமொழி எதைத் தழுவுகிறது என்பதையெல்லாம் சொல் நிற்கும் இடமே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆகவே இடம் பிறழ்ந்தால் பொருளும் பிறழ்கிறது.

அதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்று தக்க சான்று. உபரி நேர வேலைக்கு அதிக ஊதியம் பெற உரிமையில்லாத தொழில்களை அம்மாநிலச் சட்டம் வரிசையாகக் கூறியிருந்தது: உணவுப்பொருள்களைப் பக்குவப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்துவைத்தல் என்றெல்லாம் சொல்லி, இறுதியில் 'அனுப்புவதற்கு அல்லது விநியோகத்துக்குக் கட்டுதல்' என்றும், 'அனுப்புவதற்குக் கட்டுதல், அல்லது விநியோகம்' என்றும் இருவகையாகப் பொருள் கொள்ளத்தக்க ஒரு தொடர் அமைந்திருந்தது. இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டியிருக்கக்கூடிய காற்புள்ளி அங்கே இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால்பண்ணையின் லாரி ஓட்டுநர்கள் பாலை விநியோகித்தார்களேயன்றிக் கட்டவில்லை. ஆகையால் முதற்பொருளே சரியென்றால் அவர்களுக்கு ஊதியம் உண்டு. இரண்டாவது சரியென்றால் இல்லை. ஏனைய தொழில்கள் யாவும் 'இங்' என்ற ஒரே விகுதியில் முடிய, 'விநியோகம்' என்பது மட்டும் வேறு வடிவத்தில் நிற்பதால் அது தனித்தொழில் ஆகாது என்ற நியாயமும் எடுத்துரைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தொடர் தெளிவற்றது என்று கண்டு, ஓட்டுநர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னர் சட்டசபை அப்பிரிவைத் திருத்தியபோது, தொழில்களுக்கிடையே அரைப்புள்ளிகளை இட்டதோடு, விநியோகத்தைக் குறிக்கும் சொல்லையும் மற்றவற்றைப் போலவே 'இங்' விகுதி பெறச் செய்தது. அணிவகுத்து வரும் கருத்துகள் யாவும் ஒரே வடிவில் அமையவேண்டும் என்ற பள்ளிப் பாடத்தின் பயனை இதைவிடத் தெளிவாக விளக்கமுடியாது.

இலக்கண வழு இல்லாமலே நடை தடுமாறும் வாக்கியங்களும் உண்டு. 'முடிவு செய்தோம்' என்று கூறவேண்டிய இடத்தில் 'முடிவெடுத்தல் மேற்கொள்ளப்பட்டது' என்ற பாணியில் எழுதினால், வினை பெயராகிவிடுகிறது, செய்தவர் மறைந்துவிடுகிறார், வேலையற்ற வேறொரு வினை வந்து சேருகிறது. இந்தத் தீமையை எதிர்த்து ஆங்கிலேயரே நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள். ஃபௌலர் சகோதரர்கள் 1906இல் 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' என்ற நூலில், பழகிய சொல்லையும் சுருங்கிய சொல்லையும் தேர்ந்துகொள்ளுமாறு வற்புறுத்தினர். ஜார்ஜ் ஆர்வெல், பொய்யையும் கொடுமையையும் மறைக்க அரசியல்வாதிகள் மங்கலான மொழியை நாடுவதை 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். பிரிட்டிஷ் நிதி இலாகாவின் வேண்டுகோளின்படி, அரசாங்க ஊழியர்களுக்கென்றே சர் எர்னஸ்ட் கவர்ஸ் இயற்றிய 'பிளெயின் வேர்ட்ஸ்' 1948இல் வெளிவந்தது. குடிமகனுக்கு விளங்காத கடிதத்தை அனுப்பும் அதிகாரி தம் கடமையை நிறைவேற்றியவர் ஆகார் என்ற உணர்ச்சி அந்த நூலின் உயிர்நாடியாக விளங்குகிறது.

இவ்வாறு சொல்வதனால், குறைத்தொடர் எங்கே காணினும் அதை அடித்துத் திருத்தவேண்டும் என்று கொள்ளலாகாது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'பிளீக் ஹவுஸ்' நாவலை லண்டன் நகரத்தின் பெயர் ஒன்றையே முதல் வாக்கியமாக வைத்துத் தொடங்கி, அங்கே கவிந்திருந்த சேற்றையும் மூடுபனியையும் முற்றுவினையற்ற தொடர்களாலேயே வருணித்துச் செல்கிறார். அங்கே குறை என்பது ஆசிரியர் அறிந்து செய்த கலை. பத்திரிகைத் தலைப்புகளுக்கும் அறிவிப்புப் பலகைகளுக்கும் அந்தச் சலுகை உண்டு. எழுதியவர் தெரிந்து விட்டதா, தெரியாமல் விட்டதா என்பதே திருத்துபவர் முதலில் ஆராயவேண்டிய விஷயம்.

அவ்வாறு ஆராய்ந்தபின் அவர் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே: செய்தவர் யார்? செய்தது என்ன? விடைகள் வாக்கியத்தில் எங்கோ மறைந்திருக்குமாயின், அவற்றை எழுவாயாகவும் முற்றுவினையாகவும் வெளிக்கொணர்ந்து அருகருகே நிறுத்தினால் பெரும்பாலான பிழைகள் தாமே விலகும். விடை அங்கே இல்லையென்றால் திருத்துபவர் தாமாக ஒன்றைக் கற்பித்துச் சேர்க்கக்கூடாது. எழுதியவரையே கேட்டு அறியவேண்டும். பிறர் வாக்கியத்தைத் தம் ருசிக்கேற்ப மாற்றி எழுதுவது திருத்தம் ஆகாது. அவர் சொல்லக் கருதியதை அவர் குரலிலேயே நிறைவுபெறச் செய்வதுதான் திருத்தம்.

ஆங்கிலத்தில் கடிதமோ விண்ணப்பமோ எழுதும் நம் இளைஞர்கள், அதை அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை இருக்கிறதா என்று பார்க்கட்டும். அரிய சொற்களைத் தேடி அகராதியைப் புரட்டும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டாலே போதும். அவர்களுடைய ஆங்கிலம் தெளிவடையும், அவர்களுடைய கோரிக்கையும் உரியவரிடம் பழுதின்றிச் சென்று சேரும்.