தகட்டுக்கும் திசை உண்டு

உங்கள் அடுக்களையில் உள்ள எவர்சில்வர் குவளையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எங்கும் பொருத்து இராது. (எங்கள் உக்குவளையின் பெயரில் குவளை ஒலிப்பது வெறும் ஒலியொப்புமையே!) வட்டத் தகட்டை அச்சுக்குழியின் மேல் வைத்து, உலக்கை போன்ற எஃகுத் தண்டால் படிப்படியாக அழுத்தி இழுத்தே அதனை ஆக்குகின்றனர்.

குவளை எப்பக்கமும் ஒரே வடிவினது. எத்திசையில் அழுத்துவது என்ற வினாவே எழாது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998 முதல் உருவாகிவரும் மோட்டார் வண்டிகளின் கதவோ அத்தகையதன்று. அழுத்துபொறி மேலிருந்து கீழாகவே இயங்கும். ஆதலின் அச்சினுள் கதவின் வடிவத்தைத்தான் சாய்த்து அமைத்தல் வேண்டும். சாய்வு பிழைத்தால் சில மூலைகள் தண்டுக்கு எட்டா; ஒருபுறம் தகடு கிழியும், மறுபுறம் சுருங்கி மடியும். விளிம்பை வெட்டும் அலகுக்கும் இதே தொல்லைதான். செங்குத்தான சரிவில் நேர்கீழாக வெட்டினால் பிசிர் நிற்கும். அங்கே அலகைப் பக்கவாட்டில் செலுத்தும் தனியமைப்பு தேவை. அதற்குச் செலவு மிகுதி.

முன்னாளில் இத்திசையைத் தேர்ந்தது கைதேர்ந்த தொழிலாளரின் கண். கண் தவறினால், பல தொன் எடையுள்ள அச்சை வார்த்துச் செதுக்கிய பின்னரே குற்றம் வெளிப்படும். இன்றோ, 1995இல் சூரிச் நகரில் தொடங்கப்பெற்ற ஆட்டோஃபார்ம் நிறுவனத்தின் மென்பொருள் போன்றவை, சாய்வுகளைக் கணினித் திரையிலேயே ஒப்பிட்டு, எட்டாத இடத்தையும் தகடு மெலியும் இடத்தையும் நிறங்களால் காட்டிவிடுகின்றன.

ஆனால் தகட்டின் கனம், உறுதி, எண்ணெய் பூசியபின் எஞ்சும் உராய்வு ஆகியவற்றை மனிதரே கொடுத்தல் வேண்டும். பிழையான எண்ணைக் கொடுத்தாலும் திரை அதே அழகுடன் பச்சை நிறம் காட்டும்.