கியர் காரும் குடும்பக் கணக்கும்

வீட்டுக்கு ஒரு கிரைண்டர் வாங்குவதென்றால் நம்மைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை. எத்தனை லிட்டர், கல் எப்படி, கழுவ சுலபமா என்று நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் அதைப் போல நூறு மடங்கு விலையுள்ள கார் வாங்கும்போது மட்டும், "அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று காப்பி போட உள்ளே போய்விடுகிறோம். காருக்குத் தவணை கட்டுவது வீட்டுப் பணம். அதில் ஏறி இறங்குவது நம் மாமியாரும் பிள்ளைகளும். ஆகவே சகோதரிகளே, இந்தக் கட்டுரை நமக்குத்தான்.

இப்போது எங்கள் சின்னசேலம் பக்கம்கூட இளைஞர்கள் கேட்பது "ஸ்போர்ட்ஸ் செடான்". பின்னால் தனி டிக்கி உள்ள நீளமான கார். அதில் சற்று பலமான என்ஜின். கையால் கியர் மாற்றி ஓட்ட வேண்டும். இந்த ஆசை புதிதல்ல. 1984-ல் காண்டஸா வந்தபோது ஊரே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தப் பெரிய உடம்புக்குள் முதலில் வைத்தது அம்பாசிடரின் 1.5 லிட்டர் என்ஜின். சுமார் 50 குதிரைத் திறன்தான். இன்று அதே 1.5 லிட்டரில் 150, 160 குதிரைத் திறன் வருகிறது. டர்போ என்ற சாதனம், வெளியேறும் புகையின் வேகத்தாலேயே சுழன்று, என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் தணல் சீறுமே, அதே சங்கதிதான்.

எந்தெந்தக் கார்கள்?

சமீப ஆண்டுகளில் இந்த வகையில் கியர் வண்டியாக வந்தவற்றைச் சொல்கிறேன். 2020-ல் ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டி வந்தது: டர்போ இல்லை, 121 குதிரைத் திறன், ஆறு கியர். 2022 மார்ச்சில் ஸ்கோடா ஸ்லாவியா 1.5 லிட்டர் டர்போவில் வந்தது: 150 குதிரைத் திறன். அதே ஆண்டு அதன் சகோதரியான ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் வந்தது. அதில் பெரிய என்ஜினுக்குக் கியர் வகை 2023-ல்தான் கிடைத்தது. 2023 மார்ச்சில் ஹூண்டாய் வெர்னா டர்போ வந்தது: 160 குதிரைத் திறன். வெர்னா நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இந்தக் கியர் வகைகள் வருவதும் உண்டு, நிற்பதும் உண்டு. வாங்கப் போகும் நாளில் ஷோரூமில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மோதல் சோதனையில் ஸ்லாவியா, விர்ட்டஸ், வெர்னா மூன்றுமே 2023-ல் குளோபல் என்கேப் அமைப்பின் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. இதை மட்டும் எந்தக் கார் வாங்கினாலும் கேட்காமல் விடாதீர்கள். சீட்டுத் துணியின் நிறம் அப்புறம்.

எங்கள் வீட்டில் நடந்த மாநாடு

சென்னையில் வேலை பார்க்கும் என் மகன் லீவில் வந்தபோது பேச்சு தொடங்கியது.

"அம்மா, ஆட்டோமேட்டிக் எடுத்தா ஓட்டுற மாதிரியே இருக்காது. கியர்தான்மா" என்றான் அவன்.

"முப்பது வருஷமா கியர் போட்ட கை. சும்மா உட்கார்ந்திருக்கச் சொன்னா எப்படி?" என்றார் என் வீட்டுக்காரர்.

என் மாமியார் ஒரே வார்த்தையில் முடித்தார். "ஏர்றதும் எறங்குறதும் எனக்குத் தோதா இருக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

நான் என் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டேன். "எது எடுத்தாலும் அதை நானும் ஓட்டிப் பழகுவேன். ராத்திரி அத்தைக்கு ஏதாவதுன்னா, யாராவது ஆம்பிளை வர்ற வரைக்கும் என்னால வாசல்ல நிக்க முடியாது."

எந்தக் கார் எடுத்தோம் என்று சொல்லப் போவதில்லை, விளம்பரமாகிவிடும். எப்படிப் பார்த்து எடுத்தோம் என்பதைச் சொல்கிறேன்.

ஒன்று, காரின் அடிவயிற்று உயரம். செடான் தாழ்ந்த வண்டி. சுமை ஏற்றாதபோது ஸ்லாவியா, விர்ட்டஸ் இரண்டுக்கும் தரையிலிருந்து 179 மில்லிமீட்டர், சிட்டிக்கு 165. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறினால் இதுவும் குறையும். எங்கள் கிராமத்துச் சாலை வேகத்தடைகளுக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தோடு ஏறி, உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இரண்டு, பெரியவர்கள் ஏறி இறங்குவது. தாழ்ந்த சீட்டில் முதலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இதற்கு நேர் எதிர். ஒரு காலை மட்டும் உள்ளே விட்டு உடம்பை முறுக்கினால் இடுப்பு பிடிக்கும். மாமியாரை ஷோரூமிலேயே மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னோம். விற்பனைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

மூன்று, பணம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமோ, 1200 சி.சி.க்கு மேல் பெட்ரோல் என்ஜினோ உள்ள கார்களுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி.; இவ்விரண்டுக்கும் உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீதம். நாம் பேசும் கார்கள் எல்லாம் நாலரை மீட்டர் நீளம். ஆசைக்கு அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு.

கடனிலும் கவனம் வேண்டும். 10 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 20,760 ரூபாய். 7 ஆண்டு என்றால் சுமார் 16,090. மாதம் நாலாயிரத்துச் சொச்சம் குறைகிறதே என்று மகிழ வேண்டாம். முதலாவதில் மொத்த வட்டி சுமார் 2.45 லட்சம், இரண்டாவதில் 3.51 லட்சம். அந்த ஒரு லட்சத்தில் ஒரு பெண் குழந்தையின் படிப்புச் செலவு கொஞ்சம் அடங்கும்.

கியரா, கியர் இல்லாததா?

கியர் வண்டியில் இடது கால் கிளட்சை அமுக்கும்போது என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் உள்ள தொடர்பு விடுபடுகிறது. விடும்போது சேர்கிறது. பாதி அமுக்கியபடியே நிறுத்தி வைத்தால் தகடுகள் உரசித் தேயும். இதுதான் "ஹாஃப் கிளட்ச்". மேட்டில் வண்டி பின்னால் போகாமல் நிற்க ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துங்கள். கிளட்சில் நிறுத்தி வைக்காதீர்கள். ஓடும்போதும் காலைக் கிளட்ச் மேலேயே வைக்காமல், இடது ஓரத்தில் அதற்கென்று உள்ள மிதியில் வையுங்கள்.

கியர் வண்டி விலையில் குறைவு. பொறுமையாக ஓட்டினால் பழுதுச் செலவும் குறைவு. எங்களுக்கு அதன் அருமை தெரிவது கல்வராயன் மலையில்தான். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டால், வண்டி மூச்சு வாங்காமல் ஏறும். இறங்கும்போதும் அதே கியர். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது.

ஆட்டோமேட்டிக்கின் வசதி ஊருக்குள். நெரிசலில் நூறு தடவை கிளட்ச் மிதிக்க வேண்டாம். வயதானவர்கள், மூட்டுவலிக்காரர்கள், புதிதாக ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு அதுவே தோது. ஒன்றை உயர்த்தி ஒன்றைத் தாழ்த்த நான் வரவில்லை. யார் ஓட்டப் போகிறார்கள் என்பதே கேள்வி.

பெட்ரோல் கணக்கு இன்னொன்று. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் போனால் சுமார் 56 லிட்டர். 14 போனால் சுமார் 71 லிட்டர். இந்த 15 லிட்டர் வித்தியாசம் பெரும்பாலும் வலது காலின் அவசரம்தான்.

இரண்டு வருஷம் கழித்து

வாங்கும் வரை எல்லோரும் பேசுவார்கள். வாங்கிய பிறகு வாழ்வதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

எங்கள் கார் வந்து இரண்டு வருஷம் ஆனபோது என் வீட்டுக்காரருக்கு இடது முழங்கால் வலி ஆரம்பித்தது. மாடிப்படி இறங்கும்போதும், கடைத்தெருவில் நின்று நின்று வண்டி ஓட்டும்போதும் வலி. எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, தேய்மானம் ஆரம்பம் என்றார். எடையைக் குறைக்கவும், தொடைத் தசையைப் பலப்படுத்தவும் சொல்லி, கிளட்ச் வேலையைக் குறைக்கச் சொன்னார்.

"வித்துட்டு ஆட்டோமேட்டிக் எடுத்துடலாம்ப்பா" என்று போனில் சொன்னான் மகன். அவர் பதில் பேசவில்லை. அன்று முழுக்கவே அவர் அதிகம் பேசவில்லை. முப்பது வருஷமாக வீட்டில் ஸ்டீயரிங் பிடித்தவர் அவர்தானே.

ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடன் இன்னும் மூன்று வருஷம் பாக்கி. கார் விற்றால் கிடைப்பதில் கடனை அடைத்தால் கையில் மிஞ்சுவது சொற்பம். புதுக் காருக்கு மறுபடி வரி, பதிவு, இன்சூரன்ஸ். நல்ல வண்டியை நஷ்டத்துக்குக் கொடுப்பதா?

"ஏங்க, ஊருக்குள்ள நான் ஓட்டுறேன். ஹைவேயில கியர் மாத்துற வேலை கம்மி, அங்க நீங்க ஓட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நாளைக்குக் கள்ளக்குறிச்சி போகணும். காலையில சீக்கிரம் கிளம்பு" என்றார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். முதல் மாதம் பக்கத்து சீட்டிலிருந்து "கிளட்ச், கிளட்ச்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இப்போது தூங்கிவிடுகிறார். அதுவே எனக்குக் கிடைத்த லைசென்ஸ்!

அவருடைய வலி முழுதாகப் போய்விடவில்லை. நடைப்பயிற்சியும் மருத்துவர் சொன்ன பயிற்சியும் தொடர்கின்றன. கடன் முடிந்ததும் மறுபடி யோசிப்போம்.

ஓட்டும் பெண்களுக்கு

சீட்டை முன்னே பின்னே நகர்த்தி, கிளட்சை முழுக்க அமுக்கிய நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி வையுங்கள். எட்டி எட்டி மிதித்தால் இடுப்பும் முட்டியும் சேர்ந்து வலிக்கும். முதுகு முழுதும் சீட்டில் பதியட்டும். புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகுங்கள். ஹீல்ஸ் வேண்டாம்; பின்னால் வார் இல்லாத செருப்பும் வேண்டாம், மிதியில் மாட்டும்.

பெல்ட் வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே. பின் சீட்டில் இருப்பவரும் போட வேண்டும், சட்டமும் அதுதான். 2022 செப்டம்பர் 4-ல் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த கார். ஆனால் பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காரவே கூடாது. குழந்தைக்கென்று தனி சீட் வாங்கிப் பின்னால் பொருத்துங்கள்.

வேகத்துக்கு ஒரு வார்த்தை

150 குதிரை உள்ள வண்டியை இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கும் தாய்மார்களே, சாவியோடு சட்டத்தையும் கொடுங்கள். எங்கள் சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையை நான்கு வழியாக்கியபோது புறவழிச் சாலைகளை இரண்டு வழியாகவே விட்டார்கள். அகலச் சாலையில் வந்த வேகத்தோடு அங்கே நுழைந்து எத்தனையோ குடும்பங்கள் சிதைந்தன. கரும்பு வெட்டும் காலத்தில் பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள் இருட்டில் போகும். அறுவடை நாளில் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயும். நல்ல பிரேக் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மிதிக்க முடியும்.

எங்கள் வீட்டுச் சட்டம் மூன்று. இரவு பத்து மணிக்கு மேல் நண்பர்களோடு காரில்லை. ஓட்டும்போது செல்போனில்லை. பின் சீட்டில் உள்ளவர் பெல்ட் போடாமல் என்ஜின் கிளம்பாது. மகன் முதலில் முணுமுணுத்தான். இப்போது அவனே பாட்டிக்குப் பெல்ட் மாட்டி விடுகிறான்.

கார் எடுக்கும் முன் மூன்று பேரைக் கேளுங்கள்: தினமும் ஓட்டப் போகிறவரின் முழங்காலை, பின் சீட்டில் ஏறப் போகிறவரின் இடுப்பை, தவணை கட்டப் போகிறவரின் பாஸ் புத்தகத்தை. மூவரும் சரி என்றால் கியர் வண்டியோ, கியர் இல்லாததோ, மகிழ்ச்சியாக எடுங்கள். டிரைவிங் ஸ்கூலில் உங்கள் பெயரையும் சேர்த்தே எழுதி வையுங்கள்.