முழங்கால் காயத்தில் வலிப்பது எது?

முழங்காலில் அடிபட்டு ஜவ்வு கிழிந்துவிட்டது என்று கேள்விப்படும்போது, கிழிந்த இடமே வலிக்கிறது என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் நரம்புகளே கிடையா. தொடையெலும்புக்கும் கணைக்காலெலும்புக்கும் இடையில் அமைந்த பிறைவடிவ ஜவ்வின் உள்விளிம்பிலும் அவை இல்லை. நரம்பும் இரத்தக் குழாயும் செறிந்திருப்பவை, மூட்டின் உட்புறத்தைப் போர்த்தி மூட்டு நீரைச் சுரக்கும் மெல்லிய மூட்டுச்சவ்வும், முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திசுவுமே ஆகும்.

இதைத் தம் உடலிலேயே சோதித்தறிந்தவர் அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை. மூட்டின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்யாமல், தம் முழங்கால்களுக்குள் நுண்கருவியைச் செலுத்தித் தொட்டு அழுத்தச் செய்து, அப்போது உணர்ந்தவற்றை அவர் 1998இல் வெளியிட்டார். சில்லின் குருத்தெலும்பை அழுத்தியபோது எவ்வலியும் எழவில்லை. முன்புற மூட்டுச்சவ்வைத் தொட்டபோதோ கடும் வலி எழுந்தது. துணிவும் நேர்மையும் ஒருங்கே அமைந்த இத்தகைய ஆய்வு மருத்துவத்தில் அரிது.

காயத்தில் சிதைந்த திசுக்களும் மூட்டுக்குள் கசிந்த இரத்தமும் இந்தச் சவ்வைத் தூண்ட, அங்கே அழற்சி, அதாவது கேட்டைச் சீர்செய்ய உடல் மேற்கொள்ளும் எதிர்வினை, தொடங்குகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் மூட்டு வீங்கிச் சூடாகிறது. அப்போது உருவாகும் புராஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள், வலியுணரும் நரம்பு முனைகள் சிறு தூண்டலுக்கும் கிளர்ந்தெழுமாறு அவற்றைக் கூருணர்வு கொள்ளச் செய்கின்றன. படியிறங்குவது போன்ற அன்றாட அசைவும் வேதனையாவது இதனாலேயே. அடிபட்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் முழங்கால் பெரிதாக வீங்கினால், அது பெரும்பாலும் இரத்தக் கசிவாகவே இருக்கும்; மூட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். மறுநாள் மெல்லத் தோன்றும் வீக்கம், பெரும்பாலும் உறுத்தலுக்குள்ளான சவ்வு மிகையாகச் சுரந்த நீராகும்.

ஆஸ்பிரின் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்பதைப் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜான் வேன் 1971இல் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆயினும் அழற்சியை முற்றாக அடக்குவது நன்மையன்று. சிதைவுகளை அகற்றுவதும் பழுதுபார்க்கும் செல்களை வரவழைப்பதும் அதுவே. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்திவைத்தல் என்னும் முறையை 1978இல் பரப்பிய மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமடைவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் எழுதினார். அதே அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால், அதில் சுரக்கும் நொதிகள் குருத்தெலும்பையே அரித்து மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கும்.

அதிகம் கவனிக்கப்படாத மற்றொரு விளைவும் உண்டு. மூட்டில் நீர் கோத்திருக்கும்போது, வலி குறைவாக இருந்தாலும், தண்டுவடத்தின் வழியாகத் தொடையின் முன்புறத் தசை அடக்கப்பட்டு, முழுவலிமையுடன் சுருங்க இயலாமல் நாளடைவில் மெலிந்துபோகிறது. ஆகவே மாத்திரையால் வலி தணிந்ததும் ஆடுகளத்துக்குத் திரும்புபவர், தாங்கும் தசையே தளர்ந்திருக்கும் முழங்காலின் மீதுதான் முழுப் பாரத்தையும் ஏற்றுகிறார். வீக்கம் வடிந்து அத்தசை மீண்டும் வலுப்பெறும்வரை பிசியோதெரபியைத் தொடர்வது அவருக்கு இன்றியமையாதது.