கடைசியாக மலையிறங்குபவர்கள்

கழுத்தில் சிறிய மரப்பீப்பாய் தொங்க, பனியில் நடந்துவரும் பெரிய நாயின் படத்தை நம்மில் பலர் நாட்காட்டிகளில் பார்த்திருப்போம். அது செயின்ட் பெர்னார்ட் இன நாய். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, 2,469 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு கணவாயில், 11ம் நூற்றாண்டில் புனித பெர்னார்ட் வழிப்போக்கர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்த இல்லத்தின் துறவிகள் வளர்த்த நாய்களே இவை. 1800ம் ஆண்டில் பிறந்த பாரி என்ற நாய் 40 பேருக்கும் மேல் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். பதப்படுத்தப்பட்ட அதன் உடலை இன்றும் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் காணலாம். பீப்பாய் மட்டும் ஓவியரின் கைவண்ணம். குளிரில் விறைத்தவருக்கு மது கொடுத்தால் உடலின் சூடு இன்னும் விரைவாக வெளியேறும் என்பதால், நாய்கள் அதைச் சுமக்காததே நல்லது! இளமையில் மலையேறுவதில் பேரார்வம் கொண்டிருந்த திருத்தந்தை 11ம் பயஸ், 1923ம் ஆண்டில் புனித பெர்னார்டை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார்.

இன்று மலைகளுக்கு வருவோர் பெரும்பாலும் வழிப்போக்கர்கள் அல்லர், விளையாட வருபவர்கள். பழனியில் நாம் ரோப் காரில் ஏறுவதுபோல, கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளில் ஏறிச்சென்று, பனிச்சறுக்குப் பலகைகளில் சறுக்கி இறங்குகிறார்கள். அவர்களைக் காப்பவர்களே 'ஸ்கி பேட்ரோல்' எனப்படும் பனிச்சறுக்கு ரோந்துக் குழுவினர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இப்பணி ஒழுங்குபெற்றது ஒரு வேதனையிலிருந்துதான். 1936ம் ஆண்டில், மைனட் டோல் என்பவர் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோ என்ற இடத்தில் சறுக்கும்போது விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். உதவிக்கு எவரும் இல்லை. நண்பர்கள் ஒரு கூரைத் தகரத்தைத் தேடிக் கொண்டுவந்து, அதில் அவரைக் கிடத்தி இழுத்து வந்தார்கள். சில வாரங்களில், அந்த நண்பர்களுள் ஒருவரே சறுக்குப் பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தார். அந்தத் துயரத்தின் பின்னணியில் டோல் முன்னின்று உழைக்க, 1938ம் ஆண்டில் தேசிய ரோந்து அமைப்பு உருவானது. ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் பலர் இன்றும் அதில் பணியாற்றுகிறார்கள். முதுகில் வெள்ளைச் சிலுவை பொறித்த சிவப்பு மேலாடையே அவர்களின் அடையாளம். காயமுற்றோரைக் கீழே கொண்டுவர இன்று தகரத்துக்குப் பதிலாகச் சறுக்குவண்டிகள் உள்ளன.

ஆயினும் இவர்களின் பெரிய வேலை, விபத்துக்குப் பின் ஓடுவது அன்று, விபத்துக்கு முன் தடுப்பது. விடிவதற்குள் மலையேறிவிடுகிறார்கள். பனி ஒரே கட்டியாக விழுவதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு அடுக்கு. இடையில் ஏதோ ஓர் அடுக்கு சர்க்கரைபோல் உதிரியாக இருந்துவிட்டால், அதன்மேல் கிடக்கும் கனமான பனி, மணல் பரப்பிய சாய்தளத்தில் வைத்த கற்பலகை மாதிரிதான். ஓர் ஆளின் எடையே போதும், பலகை முழுவதும் விண்டு சரியும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம். மக்கள் வருமுன் ரோந்துக் குழுவினர் வெடி வைத்து, சரியக்கூடிய பனியை வேண்டுமென்றே சரியச் செய்கிறார்கள். சந்தேகம் தீராத சரிவுகளைக் கயிறு கட்டி மூடுகிறார்கள்.

அந்தக் கயிறுதான் பலருக்கும் கோபம். பணம் கட்டி வந்திருக்கிறோம், வெயில் அடிக்கிறது, பனி வெள்ளைவெளேரென்று கிடக்கிறது, ஏன் மூடுகிறீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். நாமாக இருந்தாலும் கேட்டிருப்போம். ஆனால், எல்லை தாண்டிய இடங்களில் பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பாலானோர், தாங்களோ தங்கள் தோழர்களோ தூண்டிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். ஓடிவந்த பனி நின்றவுடன் சிமெண்ட்போல் இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் 10 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரம் கடந்தால் பிழைப்பவர் சிலரே. எனவேதான், அத்தகைய இடங்களுக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவி, நீண்ட துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றையும் தம்மோடு வைத்திருக்க வேண்டும், தனியே போகக் கூடாது என்று வற்புறுத்துகிறார்கள். பக்கத்தில் இருக்கும் நண்பரே முதல் மீட்பர்.

1982ம் ஆண்டு மார்ச் 31 அன்று, கலிபோர்னியாவின் ஆல்பைன் மெடோஸ் மையத்தில் நடந்ததை இத்துறையினர் மறப்பதில்லை. பல நாள் கடும் பனிப்புயல். ஆபத்தை உணர்ந்து, அன்று மையத்தை மக்களுக்கு மூடிவிட்டார்கள். பிற்பகலில் மாபெரும் பனிச்சரிவு அடிவாரக் கட்டடங்களையும் வாகன நிறுத்துமிடத்தையும் தாக்கியது. மையத்தின் மேலாளரும், ரோந்துப் பணியாளர் ஒருவரும் உட்பட ஏழு பேர் இறந்தனர். வழக்கம்போல் திறந்திருந்தால் அந்த இடத்தில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக உள்ளது. பிறரை வரவேண்டாம் என்று தடுத்துவிட்டு, பணியின் பொருட்டுத் தாங்கள் அங்கே இருந்தவர்கள் அந்த மேலாளரும் ரோந்துப் பணியாளரும்.

மீண்டும் பனி சரியும் என்ற ஆபத்தால், தேடும் பணியை இடையே நிறுத்தவும் நேர்ந்தது. தேடுவோரின் உயிரும் உயிர்தானே. கீழே ஒருவர் கிடக்கக்கூடும் என்று தெரிந்தே விலகி நிற்பது, தோண்டுவதைவிடக் கடினமாக இருந்திருக்கும். ஐந்தாம் நாள், பயிற்சி பெற்ற மோப்பநாய் உதவியோடு, இடிபாடுகளுக்கு அடியில் 22 வயதுப் பெண் ஒருவரை உயிருடன் கண்டெடுத்தார்கள். சாய்ந்த அலமாரிகள் உண்டாக்கிய சிறு இடைவெளியில், பனியையே உண்டு உயிர் பிழைத்திருந்தார். உறைபனியால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழ் இழந்தார். பின்னாளில் அவரே மீண்டும் பனிச்சறுக்கினார்.

இத்தகைய நாள்கள் அரிது. அன்றாடம் நடப்பது வேறு. மாலையில் கம்பிவடத்தின் கடைசி நாற்காலி ஏறிய பிறகு, ரோந்துக் குழுவினர் உச்சியில் கூடுகிறார்கள். சரிவுகளைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு, மெதுவாக இறங்கத் தொடங்குகிறார்கள். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயரின் உவமை நமக்குப் புதிதன்று. இங்கே ஒன்று காணாமல் போயிருக்கிறதா என்பதே தெரியாது, இருந்தும் தினமும் தேடுகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் நின்று, மரங்களுக்கு இடையே குரல் கொடுத்து, பதில் வருகிறதா என்று காத்திருந்து, பிறகே அடுத்த வளைவுக்கு நகர்கிறார்கள்.