அரைப் பேர்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். தோட்டம் குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், முழு ஆளாக நின்ற பெண், அந்தியில் பாதி ஆளாகக் கணக்கில் ஏறுகிறாள்.

இப்படிப்பட்ட சுரண்டலை அறத்தின் மொழியில் பேசலாமா என்பது மார்க்சியர்களுக்குள் ஓயாத வழக்கு. அதற்கு மார்க்ஸே காரணம். 1865இல் லண்டனில் பேசியபோது, நியாயமான கூலி கேட்பதை விட்டுக் கூலிமுறையையே ஒழிக்கச் சொன்னார். 1867இல் வந்த ‘மூலதனம்’ நூலிலோ மூலதனத்தை இரத்தம் குடிக்கும் பேயாகவே எழுதினார்.

மலையகத்தில் சுரண்டல் தராசில் மட்டும் நடக்கவில்லை. வெள்ளையர் காலத்தில் ஆள்பிடித்து வேலை வாங்கிய கங்காணியின் கடனும், அது தீராமல் வேறு தோட்டம் போகவிடாத ‘துண்டு’ச் சீட்டும் ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. 1921இல் துண்டு ஒழிந்தது. சுதந்திரம் வந்த 1948இலேயே குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்கும் போனது. வாக்கில்லாதவரின் கூலிக்காக யார் மெனக்கெடுவார்?

இடதுசாரியான லங்கா சமசமாஜக் கட்சி அந்தச் சட்டத்தை எதிர்த்தது. 1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீஸ் குண்டுக்குப் பலியானபோது தொழிலாளர்களோடு நின்றதும் அதே கட்சிதான். அந்தக் கட்சி 1964 ஜூனில் பிரதமர் சிறிமாவோவின் அமைச்சரவைக்குள் போனது. அக்டோபரில், இந்தியப் பிரதமரோடு அவர் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டது. பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அமைச்சரவையில் இருந்துகொண்டே அந்தக் கட்சி இதற்கு உடன்பட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்த இடைவெளியில்தான், 1973–74இல், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. உடைமை மாறினால் அறம் தானாக வந்துசேரும் என்று நம்பியது இடதுசாரிகளின் பெரும்பிழை என்பேன். துரைமார் மாறினார்கள், லயமும் அரைப் பேரும் அப்படியே நின்றன.

2024இல் நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அதற்குப் பிறகும் தராசடியில் கொழுந்துச் சாக்கை நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று சில கிலோவைக் கழிக்கிறார்கள். மழையே பெய்யாத நாளிலும் கழிக்கிறார்கள் என்பது பெண்களின் பழைய முறையீடு. கழித்த கொழுந்து மலையில் கிடப்பதில்லை. மற்றதோடு லொறியேறி ஃபேக்டரிக்குப் போய், அதுவும் தேயிலையாகிறது.