தம் போட்ட இறைச்சிச் சோறு

ஓசூரிலிருந்து வடக்கே எல்லையைக் கடந்தால் இறைச்சிச் சோற்றைத் தொன்னையில் வைத்துத் தருவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே சென்றால் வாணியம்பாடியும் ஆம்பூரும் அதே சோற்றுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். வடக்கே கொத்தமல்லியும் புதினாவும் மிகுந்து பச்சை நிறமாக இருக்கும். கிழக்கே வற்றல் மிளகாய் அரைத்துச் சேர்ப்பதால் சிவந்து இருக்கும். இரண்டிற்கும் சீரகச் சம்பாவே ஏற்றது. இவ்விரண்டுக்கும் நடுவில் வாழும் நம் அங்கத்தினர்கள், ஒரு நாள் இரவு உணவாக இதனை வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது நமது பிழை ஒன்றே. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபைக்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்ததும் அங்கத்தினர்களுக்கு விருந்து. தணிக்கை அறிக்கையை நாம் விரிவாகப் படித்ததில் நேரம் கடந்துவிட்டது. குழந்தைகள் பசியோடு காத்திருப்பதைக் கண்டு, "மூடியைத் திறந்து பரிமாறுங்கள்" என்று சமையற்காரரை அவசரப்படுத்தினோம். அவர் இன்னும் கால் மணி வேண்டுமென்றார்; நாம் கேட்கவில்லை. மேற்சோறு நறுக்கரிசியாகவும், அடிச்சோறு குழைந்தும் இருந்தன. பாதிக்கு மேல் வீணாயிற்று. செலவுச் சீட்டுகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. ஆயினும், அங்கத்தினர் பணம் நமது சொல்லால் பாழாயிற்று என்பதை எந்தப் பதிவேட்டிலும் நாம் எழுதவில்லை. இங்கே எழுதுகிறோம்.

அந்தக் கால் மணியில் நடப்பது என்ன? 'தம்' என்பது மூச்சு என்னும் பொருளுடைய பாரசீகச் சொல். பாத்திரத்தின் மூச்சு வெளியேறாமல் அடைத்து வைப்பதே தம் போடுதல். அடியில் மட்டும் தீ இருந்தால், எழும் நீராவி குளிர்ந்த மூடியில் பட்டு நீராகித் திரும்பச் சோற்றின்மேல் சொட்டும். அடியோ காய்ந்து பிடிக்கும். மூடியின்மேல் தணல் இட்டால் மூடியும் சூடாகிவிடுகிறது. நீராவி நீராக மாறாமல் அரிசிக்குள்ளேயே ஊறி அதனை வேகவைக்கிறது. மேலைநாட்டார் இறைச்சியையும் அரிசியையும் ஒரே பாத்திரத்தில் மூடி அடுப்புப் பெட்டிக்குள் வைத்துச் சுடுவதும் இதே தத்துவந்தான். நம்மிடம் அப்பெட்டி இல்லையென்ற குறையை மூடிமேல் இடும் ஒரு கரண்டித் தணல் தீர்த்துவிடுகிறது.

எட்டுப் பேருக்கு வேண்டியவை: ஆட்டிறைச்சி 1 கிலோ, சீரகச் சம்பா 1 கிலோ, வெங்காயம் 400 கிராம், தக்காளி 300 கிராம், இஞ்சியும் பூண்டும் வகைக்கு 75 கிராம், ஊறவைத்து அரைத்த வற்றல் மிளகாய் 15, தயிர் ஒரு கிண்ணம், எண்ணெய் 150 மில்லி லிட்டர், பட்டை, கிராம்பு, ஏலக்காய் சிறிதளவு, புதினா, கொத்தமல்லி வகைக்கு ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் ஒன்று, உப்பு. நால்வர் உள்ள குடும்பம் அனைத்தையும் பாதியாக்கிக் கொள்ளலாம். இறைச்சிக்குச் சம எடை அரிசி என்பதே நினைவில் வைக்கத்தக்க கணக்கு.

அடிகனத்த பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்துப் பட்டை முதலியவற்றை இட்டு, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்குக. இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாசனை நீங்கியபின் மிளகாய் விழுது, இறைச்சி, தக்காளி, தயிர், தழைகள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து மூடி, நிதானமான தீயில் வேகவிடுக. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் தண்ணீர் 100 பாகைக்குப் பதில் 97 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஆதலால் சமவெளியில் வேகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இங்கு இறைச்சி வேகும். கடிகாரத்தை நம்பாமல், இறைச்சி எலும்பைவிட்டு எளிதில் பிரிகிறதா என்று பார்ப்பதே சரி. பிரஷர் குக்கர் வைத்திருப்போர் இறைச்சியை மட்டும் அதில் வேகவைத்துக்கொள்ளலாம்.

இதனிடையே, அரை மணி ஊறிய அரிசியை, உப்பிட்டுக் கொதிக்கும் நிறைந்த நீரில் போடுக. சில நிமிடங்களில் ஒரு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தால், வெளியே மென்மையாகவும் நடுவே வெண்புள்ளியாகவும் இருக்கும். அதுவே முக்கால் பதம். உடனே வடித்து, கெட்டியான குழம்போடு உள்ள இறைச்சியின்மேல் பரப்பி, எலுமிச்சைச் சாறு பிழிக. பாத்திரத்தின் வாயில் நனைத்துப் பிழிந்த கெட்டிப் பருத்தித் துணியை விரித்து மூடியை அழுத்துக. துணியின் ஓரங்களை மூடியின் மேலே மடித்துவிட வேண்டும், தீயருகே தொங்கக் கூடாது. நம் தறியில் நெய்த துணிக்கு இதைவிடச் சுவையான உபயோகம் இல்லை! துணிக்குப் பதில் பிசைந்த மாவாலும் ஓரத்தை அடைக்கலாம். துணியின் மடிப்பில் படாமல், மூடியின் நடுவே ஒரு தட்டு வைத்து அதில் தணலை இடுக. அடியில் தீயை மிகவும் தணித்து 20 நிமிடமும், தீயை எடுத்தபின் 10 நிமிடமும் திறவாமல் வைக்க வேண்டும். எரிவாயு அடுப்பாயின் பாத்திரத்தின்கீழ் தோசைக்கல்லை வைத்து, மூடிமேல் கொதிநீர்ப் பாத்திரம் ஒன்றை ஏற்றினால் போதும்.

எச்சரிக்கை இரண்டு. மார்கழிக் குளிருக்காகத் தணற்சட்டியை மூடிய அறைக்குள் கொண்டு செல்லலாகாது. தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமோ நிறமோ இல்லை. உறங்குவோர் உயிரைப் பறித்துவிடும். நூலும் பாவும் உள்ள தறிக் கூடத்திற்குத் தணல் அணுகவே கூடாது. அடுத்தது, மீந்த சோற்றைப் பற்றியது. அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் அழிவதில்லை. வெதுவெதுப்பில் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் முற்றும் நீங்காது. ஆதலால் இரண்டு மணி நேரத்திற்குள் உண்டு முடிக்க வேண்டும். அன்றேல் அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து உடனே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

புலால் உண்ணாத அங்கத்தினர்கள் இறைச்சிக்குப் பதில் பச்சை மொச்சையை இட்டு இதே முறையில் செய்யலாம். கத்தரிக்காய்ப் புளித்தொக்கும் தயிர் வெங்காயமும் துணையாக இருந்தால் வேறெதுவும் வேண்டுவதில்லை.

அடுத்த மகாசபையில் விருந்து வைக்கும் சங்கங்கள், தம் போடும் நேரத்தை நிகழ்ச்சி நிரலிலேயே குறித்துவிடுமாறு வேண்டுகிறோம். தணிக்கை அறிக்கையை நாம் சுருக்கமாகப் படித்துக் கொள்கிறோம்.