அடிச்சுக்க ஆளில்லை

கலசப்பாக்கத்தில் ஒரு பட்டுத்தறி வீடு. பெரியவர் குழிக்குள் காலை இறக்கி நெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் பேத்தி, ஆங்கில நோட்டோடு. 1983 உலகக் கோப்பை பற்றி எழுதியிருந்தாள்: 'இந்தியா வொன் வெஸ்ட் இண்டீஸ்.' அதன்மேல் சிவப்பு மை.

"ஜெயிச்சோம்தானே சார், இதுல என்ன தப்பு?" என்று என்னிடம் கேட்டாள்.

தமிழில் போரையும் வெல்லலாம், பகைவனையும் வெல்லலாம். ஆங்கிலத்தில் ஆட்டத்தையோ கோப்பையையோ வென்றால் 'வின்', எதிராளியைத் தோற்கடித்தால் 'பீட்'. அவள் எழுதியபடி பார்த்தால், கபில்தேவ் லார்ட்ஸிலிருந்து கோப்பைக்குப் பதில் வெஸ்ட் இண்டீஸையே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும்! நாம் 43 ரன்னில் அவர்களை 'பீட்' செய்தோம்.

இதே பொருள் தரும் 'டிஃபீட்' பிரெஞ்சு வழியாக வந்தது, கொஞ்சம் மிடுக்கான சொல். 'பீட்' பழைய ஆங்கிலம். அடிப்பதுதான் அதன் முதல் வேலை. நமக்கு இது புதிதா என்ன? படம் ஓடவில்லையென்றால் 'அடி வாங்கிடுச்சு'. கெட்டிக்காரனை 'அடிச்சுக்க ஆளில்லை'. களைத்துப்போன வெள்ளைக்காரர் 'ஐ ஆம் பீட்' என்பார். நாம் 'அடிச்சுப் போட்ட மாதிரி' தூங்குவோம். வகுப்பறை 'வென்றான்' என்று சொல்லிக்கொடுத்துக் குழப்பியதை, தெருத்தமிழ் என்றைக்கோ சரியாகப் பிடித்துவிட்டது.

கிரிக்கெட்டில் இன்னொரு வேடிக்கை. பந்து மட்டையைத் தொடாமல் தாண்டிப்போனால் 'பீட்டன்' என்கிறோம். ஆனால் ஆள் அவுட் இல்லை, அடுத்த பந்துக்கு நிற்கிறான்.

தறியிலும் இந்தச் சொல் உண்டு. நாடா ஊடையை இழுத்துப் போனதும், அச்சை இழுத்து ஓர் அடி. ஆங்கில நெசவு நூல்களில் அதற்கும் 'பீட்' என்றுதான் பெயர். அடி ஓங்கி விழுந்தால் நெருக்கம், தளர்ந்தால் இளக்கம். சேலையில் குறுக்கே கோடாகத் தெரிந்துவிடும்.

"விசைத்தறி எங்கள அடிச்சிடுச்சு சார்" என்றார் பெரியவர். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. முதலில் 22 ரகம், பிறகு 11 ஆகச் சுருங்கியது. பார்டர் வைத்த பட்டுச்சேலை இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விசைத்தறியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பேச்சில் தறி நின்றிருந்தது. விட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். முதல் அடியை மெதுவாகப் போட்டார், அடுத்ததைக் கொஞ்சம் ஓங்கி. பேத்தி 'வொன்' மேல் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.